ரீடிங் எடுக்காத பாலுக்கு ஃபேட் சைபரா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் மாணவர் பக்கத்தில் வரும் பைத்தான் கம்ப்யூட்டர் மொழித் தொடரை எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ் மீடியம் பிள்ளைகள் விடாமல் படிக்கிறார்கள். ஆனால் போன வாரம் மைபை பற்றி, அதாவது புரோகிராமை ஓட்டாமலேயே கோடைப் படித்துத் தப்புச் சொல்கிற கருவியைப் பற்றி எழுதிவிட்டு, எச்சரிக்கை வந்தால் வரியின் கடைசியில் 'டைப் இக்னோர்' (இந்த வரியைக் கண்டுகொள்ளாதே என்று மைபைக்குச் சொல்லும் குறிப்பு) போட்டுவிடலாம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அது சரியில்லை.

சித்தூர் தாலுகாவில் பால் ஊற்றுகிற எல்லாருக்கும் தெரியும், ஃபேட்டும் (கொழுப்பு) எஸ்.என்.எஃப்.பும் (கொழுப்பு போக மீதித் திடப்பொருள்) பார்த்துத்தான் லிட்டருக்கு விலை. இங்கே ஒரு சங்கத்துக்காக எழுதிய பில் புரோகிராமைப் பார்த்தேன். ஃபேட்டை ரேட்டால் பெருக்கும் வரியில் மைபை எரர் காட்டியிருக்கிறது, ஏனென்றால் மெஷினில் ரீடிங் வராத நாளில் அங்கே எண்ணே இருக்காது, 'நன்' (None, மதிப்பு இல்லை என்பதற்கான குறி) இருக்கும். எழுதிய பையன் பக்கத்தில் 'ஆர் 0' (or 0, அதாவது மதிப்பு இல்லாவிட்டால் சைபர் என்று எடுத்துக்கொள்) என்று சேர்த்துவிட்டான், எச்சரிக்கையும் போய்விட்டது. ரீடிங் எடுக்காத பாலும் ஃபேட்டே இல்லாத பாலும் ஒன்றா? மாட்டுக்காரருக்கு அன்றைய காசு குறைகிறது, புரோகிராம் எங்கேயும் நிற்காததால் யார் கண்ணிலும் படாது. அந்த நாளைக் கணக்கில் சேர்க்காமல் தனியாக எடுத்துக் காட்ட வேண்டும், அதுதான் திருத்தம்.

ஸ்டிரிங் தொல்லையும் இப்படித்தான். 'இன்புட்' (கீபோர்டில் அடிப்பதை வாங்கும் கட்டளை) கொடுப்பது எப்போதும் ஸ்டிரிங், அதாவது வெறும் எழுத்து வரிசை, அதில் 12 என்று வந்ததை 3-ஆல் பெருக்கினால் 36 வராது, 121212 வரும், எரரும் வராது. பெருக்குகிற வரியெல்லாம் தேடிப்போய் 'இன்ட்' (முழு எண்ணாக்கும் கட்டளை) போட்டுக்கொண்டிருக்காமல், வாங்குகிற இடத்திலேயே ஒரு தடவை மாற்றிவிட்டால் போதும்.

அப்புறம் காசுக் கணக்கு. டெசிமலையும் (தசம எண்ணை அப்படியே வைக்கும் வகை) ஃப்ளோட்டையும் (தோராயமாக வைக்கும் வகை) பெருக்கப் பைத்தான் விடாது. அதற்காக டெசிமலை ஃப்ளோட்டாக்கிவிடக் கூடாது, 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று சொல்வது அந்த ஃப்ளோட்தான். ரேட்டையே டெசிமலாக வையுங்கள், அதுவும் ஃப்ளோட் வழியாகப் போகாமல் ஸ்டிரிங்கிலிருந்து நேராக.

இன்னொன்று, டைப் (எந்த வகை மதிப்பு என்ற குறிப்பு) எழுதாத ஃபங்ஷனுக்குள் மைபை சாதாரணமாகப் பார்க்கவே பார்க்காது, 'எரர் இல்லை' என்று வருவதைப் பார்த்துப் பிள்ளைகள் எல்லாம் சரி என்று நம்பிவிடுகிறார்கள். வெளியிலிருந்து எடுத்த லைப்ரரியின் டைப் விவரமே தப்பாக இருந்தால் 'டைப் இக்னோர்' போடலாம்தான், அப்போதும் ஏன் என்று பக்கத்தில் எழுத வேண்டும். அடுத்த வாரத் தொடரில் இவற்றை விளக்கி, அந்த ஒரு வரியையும் திருத்தி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்