இடித்தது யார் என்று எழுதி வையுங்கள்: கண்காட்சிக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு வணக்கம்.

மாடிக் கூடத்தில் மாட்டியிருக்கும் டச்சுக் கோட்டைப் படம் பற்றித்தான் எழுதுகிறேன். அன்று நடந்தது உங்களுக்குத் தெரியும். "இந்தக் கோட்டையை யார் சார் இடிச்சாங்க?" என்று என் மாணவி கேட்டாள். "பழைய கட்டடம், தானா விழுந்திருக்கும். நகருங்க" என்றார் உங்கள் ஆள். அவரைக் குறை சொல்ல மாட்டேன். படத்துக்குக் கீழே 'பழைய கோட்டை, ஹாலந்து' என்பதற்கு மேல் ஒரு எழுத்துக்கூட இல்லையே.

அது தானாக விழவில்லை. ஹார்லெம் நகருக்கு வெளியே இருந்த க்ளேஃப் மாளிகை அது. ஸ்பானிய ஆட்சியை எதிர்த்து எழுந்த ஹார்லெமை 1572 டிசம்பரில் ஸ்பானியப் படை வளைத்தபோது தளபதி டான் ஃபட்ரிக்கே அங்கேதான் தங்கினார். ஊர் பட்டினி கிடந்து, 1573 ஜூலையில் பணிந்தது. காவல் வீரர்களில் பெரும்பாலோரைக் கொன்றார்கள். பிறகு அந்த மாளிகையையும் ஸ்பானியர்களே வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

டச்சு ஓவியர் க்ளாஸ் யான்ஸ் விஸ்ஸர் அந்த இடிபாட்டை வரைந்து அச்சிட்டது 1611, 1612 வாக்கில். ஸ்பெயினுக்கும் டச்சுக்காரர்களுக்கும் இடையே 1609இல் வந்த போர்நிறுத்தம் நிலைத்திருந்த காலம். தூரப் பயணம் போக நேரமில்லாத ரசிகர்களுக்காக ஹார்லெமின் இனிய இடங்களைப் படங்களாகத் தொகுத்தார். மணல்மேட்டோரம் துணி வெளுக்கும் களம், வழிப்போக்கர் விடுதி, இவற்றோடு சேர்த்து இந்தச் சிதைந்த சுவர். வேலை மறுபடி நடக்கிறது, ஊர் பிழைத்துக்கொண்டது, பட்டதையும் மறக்கவில்லை: தொகுப்பைச் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது இதுதான். அந்த வெளுப்புக் களப் படத்தை நீங்கள் கீழே நுழைவாயிலில் அழகுக்கு மாட்டியிருக்கிறீர்கள். இரண்டையும் பிரித்ததும் கோட்டை வெறும் கல்குவியலாகிவிட்டது.

எங்கே போனாலும் இப்படித்தான். சட்டத்துக்கும் விளக்குக்கும் பணம் இருக்கிறது, திறப்பு விழா விருந்தினர் பெயரைச் சுவர் அளவுக்கு எழுத முடிகிறது. நாலு வரி விளக்கம் எழுத மட்டும் ஆள் கிடைப்பதில்லை. பிள்ளைகள் கேள்வியே கேட்பதில்லை என்று மேடையில் வருந்துகிறோம், கேட்ட பிள்ளையை நகரச் சொல்கிறோம். எனக்கு ஆறவில்லை.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். தயவுசெய்து அந்தப் படத்துக்குக் கீழே அதை இடித்தது யார், எப்போது என்று எழுதி வையுங்கள். வெளுப்புக் களப் படத்தையும் மாடிக்குக் கொண்டுவந்து பக்கத்தில் மாட்டுங்கள். குறிப்பை நானே எழுதித் தருகிறேன், திருத்திக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் எட்டாம் வகுப்பை அழைத்து வருகிறேன். அதற்குள் செய்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
ஓர் ஓவிய ஆசிரியர்