2024–25 ஆண்டறிக்கை: செயலாளர் பொதுக்குழுவின் முன் சமர்ப்பிப்பது

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, ஆட்சிக்குழுவினரே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம்.

பெங்களூரு அல்சூர் ஏரியை ஒட்டிய நம் தெருக்களின் குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டறிக்கையைப் பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்.

பொங்கல் விழா, நவம்பர் 1 கன்னட ராஜ்யோத்சவக் கொடியேற்றம், கண் பரிசோதனை முகாம், பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வழங்கல் ஆகியவை வழக்கம்போல் நடந்தேறின. ஆசிரியை ஊர் மாறிப் போனதால் ஞாயிறு தமிழ் வகுப்பு ஆடி மாதத்தோடு நின்றிருக்கிறது. மறைந்த உறுப்பினர்களுக்கு நம் அஞ்சலி.

இந்த ஆண்டு சங்கத்தின் உழைப்பில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது, பழைய கிடங்கு இருந்த நிலத்தில் எழும்பி வரும் வளாகம். வீடு, அலுவலகம், கடைத்தொகுதி எல்லாம் ஒரே மனையில் வருகின்றன. கட்டடத்தை எதிர்ப்பது சங்கத்தின் வேலையா என்று சிலர் கேட்டார்கள். நாம் எதிர்க்கவில்லை. கீழே கடை, மேலே வீடு என்பது இந்தப் பேட்டையில் தாத்தா காலத்து வழக்கம். வேலைக்கும் கடைக்கும் நடந்தே போக முடிந்தால் வாகனம் குறையும், அது எல்லோருக்கும் நல்லது. ஆனால் மூன்று அடுக்கு பேஸ்மென்ட் தோண்டி, பகலில் ஒரு கூட்டமும் இரவில் வேறொரு கூட்டமும் புழங்கப்போகும் இடத்தால் அக்கம்பக்கத்துக்கு என்ன ஆகும் என்பதை யார், எப்படிக் கணக்கிட்டார்கள் என்று கேட்பது நம் வேலைதான்.

2006 செப்டம்பர் 14 அன்று வெளியான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுமானப் பரப்புள்ள கட்டடங்களுக்குச் சுற்றுச்சூழல் முன் அனுமதி வேண்டும். பேஸ்மென்டும் இந்தப் பரப்பில் சேரும் என்பதை 2011 திருத்தம் தெளிவாக்கிவிட்டது. இத்தனை இருந்தும், கட்டடத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்பு கிடையாது என்று அதே அறிவிக்கை விலக்கு தந்திருக்கிறது. எங்கோ மலையில் சுரங்கம் தோண்ட ஊரைக் கூட்டிக் கேட்பார்கள். நம் சமையலறைச் சுவருக்குப் பின்னால் பள்ளம் தோண்ட நம்மைக் கேட்க வேண்டியதில்லை. அனுமதி கிடைத்த பிறகு நாளிதழில் வரும் சிறு விளம்பரந்தான் நமக்குத் தகவல். அது கண்ணில் படுவதற்குள், சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்வதற்கான 30 நாளில் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது.

ஆகவே வளாகத்தார் அனுமதி கேட்டுத் தாக்கல் செய்த கோப்பை நாமே படித்தோம். சுற்றுச்சூழல் அனுமதிக்கான மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்திலிருந்து எடுத்து, அச்சிட்டு, வரி வரியாகப் பார்த்தோம். ஒரு வீட்டுக்காரருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர், அலுவலக ஊழியருக்கு 45 லிட்டர் என்று தண்ணீர்க் கணக்கு தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி சரியாகவே இருக்கிறது. ஆனால் வார இறுதியில் கடைகளுக்கும் உணவகங்களுக்கும் வந்து போவோரைப் பேருக்குச் சேர்த்துவிட்டு, எல்லாவற்றுக்கும் ஒரே சராசரி போட்டுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் அளவைத் தீர்மானித்திருக்கிறார்கள். சனிக்கிழமை மாலை நிரம்பி வழிவது எங்கே போகும்? ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்கின்றன. வணிகப் பகுதிக்கு 65, 55. கலப்புப் பகுதி எந்த வகை என்பதை உரிய அதிகாரிதான் அறிவிக்க வேண்டும். கோப்பு எழுதியவர் தாமாகவே 65-ஐ எடுத்துக்கொண்டார். ஜெனரேட்டர் அறையோ நம் படுக்கையறைகளைப் பார்த்த பக்கம். அதே சாலையில் எழும்பும் மற்ற கட்டடங்களின் வாகனங்களை அவர்கள் கூட்டிப் பார்க்கவே இல்லை.

எல்லாவற்றிலும் பெரிய விஷயம் பின்சந்துக் கால்வாய். கோப்பில் அது 'சாலையோர வடிகால்'. நில அளவைத் துறையின் பழைய கிராம வரைபடத்தில் அது ஏரிக்குப் போகும் கால்வாய். பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட முடியாது. அகரம், பெல்லந்தூர் ஏரிகளுக்கு இடையே எழுந்த வளாகங்கள் பற்றிய வழக்கில், ஏரியைச் சுற்றி 75 மீட்டரும் ஏரிகளை இணைக்கும் மழைநீர் வழிகளான ராஜகால்வாய்களில் முதல், இரண்டாம், மூன்றாம் நிலைகளுக்கு முறையே 50, 35, 25 மீட்டரும் கட்டடமின்றி விட வேண்டும் என்று 2016 மே மாதம் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியதும் நகரின் பழைய பெருந்திட்டத்தின் (மாஸ்டர் பிளான்) அளவே நிலைத்தது. அதன்படியும் மூன்றாம் நிலைக் கால்வாய்க்கு நடுவிலிருந்து 15 மீட்டர் விட்டாக வேண்டும். வெறும் வடிகாலுக்கு ஒன்றும் விட வேண்டாம்.

பள்ளத்தில் ஊறிய நீரை அல்லும் பகலும் மோட்டார் போட்டு இந்தக் கால்வாயில்தான் விட்டார்கள். விடியற்காலையில் மூடியைத் தூக்கிப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் குழம்பாக ஓடும். கையில் அள்ளினால் விரலிடுக்கில் கல்மாவு நறநறக்கும். 2016 மார்ச்சில் மீன்கள் செத்து மிதந்த அதே அல்சூர் ஏரிக்குத்தான் இது போய்ச் சேர்கிறது. கோவில் கிணற்றில் முடிச்சுக் கயிறு விட்டு ஞாயிறுதோறும் அளந்து நோட்டில் எழுதினோம். கோடையில் நீர் இறங்குவது இயல்பே. ஆனால் நல்ல மழை பெய்த பிறகும் ஏறாத நீர்மட்டம், மோட்டார் பழுதாகி நின்ற வாரத்தில் ஏறியது. அந்த நோட்டையும் படங்களையும் இணைத்து மனு கொடுத்ததன் பலனாக அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். இப்போது அந்த நீர் வண்டல் தொட்டி வழியாகத் தெளிந்து போகிறது. கால்வாயின் பெயர் மட்டும் இன்னும் திருத்தப்படவில்லை.

இந்த வேலைக்கென அமைத்த உபகுழுவில் ஆர்வத்துடன் பெயர் கொடுத்தவர்கள் பலர். கிணற்றடிக்கு வந்தவர்கள் ஓய்வுபெற்ற மின்வாரியப் பொறியாளரும், இரண்டாம் குறுக்குத் தெரு அம்மா ஒருவரும், நானுமே. வேலை, பிள்ளைகளின் தேர்வு, ஊர்ப் பயணம் எல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் குழாயில் தண்ணீர் வராத அன்று இரவு பத்து மணிக்கு என்னைத் தொலைபேசியில் அழைப்பவர்கள், மனுவில் ஒரு கையெழுத்துப் போட நேரமில்லை என்றது மனத்தை வருத்துகிறது. வளாகம் வந்தால் வாடகை ஏறும், எதற்குப் பகை என்று சிலர் ஒதுங்கினார்கள். 2024 கோடையில் லாரித் தண்ணீருக்கு நின்ற வரிசையை அவர்கள் அதற்குள் மறந்திருக்க மாட்டார்கள்.

சந்தா நிலவரத்தையும் சொல்லியாக வேண்டும். பாதிக்கு மேற்பட்ட வீடுகளிலிருந்து இந்த ஆண்டுச் சந்தா வரவில்லை. சில வீடுகளில் மூன்று ஆண்டுப் பாக்கி. பட்டியல் பொருளாளரிடம் இருக்கிறது, பெயர்களை இங்கே வாசிக்கப்போவதில்லை. வரவு செலவைப் பொறுத்தவரை, விழாச் செலவு நன்கொடையில் அடங்கியது. நகலெடுப்பு, தண்ணீர்ப் பரிசோதனை, வழக்கறிஞர் ஆலோசனை ஆகியவற்றால் கையிருப்பு சற்றுக் குறைந்திருக்கிறது. தணிக்கை செய்த கணக்கு உரிய நேரத்தில் சுற்றுக்கு விடப்படும்.

தலைவர், பொருளாளர், தணிக்கையாளர், மண்டபம் தந்த கோவில் நிர்வாகத்தினர், கிராம வரைபடத்தைத் தேடித் தந்த நண்பர் அனைவருக்கும் சங்கத்தின் நன்றி.

வரும் ஆண்டு பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய நாட்களில் நிபந்தனைகளை நிறைவேற்றியது பற்றிய அறிக்கையை வளாகத்தார் தர வேண்டும்; அது யாரும் பார்க்கக்கூடிய ஆவணம். அதைக் கையில் வைத்துக்கொண்டு தொட்டி, ஜெனரேட்டர், கால்வாய் மூன்றையும் நேரில் சரிபார்க்க ஆள் வேண்டும். கால்வாயின் பெயரைத் திருத்த மறுத்தால் சென்னையிலுள்ள பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போக வேண்டிவரும். அதற்குப் பணம் வேண்டும். இப்பொறுப்பில் நான் தொடர்வதா என்பதைப் பொதுக்குழு முடிவு செய்யட்டும். என்னைவிட நேரமுள்ளவர் முன்வந்தால் நோட்டுகள், நகல்கள், கயிறு எல்லாவற்றையும் இன்றே ஒப்படைக்கிறேன். பொருளாளர் ரசீதுப் புத்தகத்துடன் வாசலருகே அமர்ந்திருக்கிறார். கையெழுத்துத் தாளும் அவரிடமே இருக்கிறது. சாப்பாட்டுக்குப் போகும்முன் அந்த மேசைக்கு வந்துவிட்டுப் போகுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்