எலி படம் வேண்டாமே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டிசம்பர் இதழில் ‘ஒப்பில்லா திரு இரா’ (ஆங்கிலத்தில் ‘சைலன்ட் நைட்’) என்ற கிறிஸ்துமஸ் பாட்டு பிறந்த கதையைப் படித்தேன். ஆலயத்து ஆர்கன் வாத்தியத்தின் காற்றுத் துருத்தியை எலி கடித்துவிட்டதாம், வேறு வழியில்லாமல் கிதாருக்குப் பாட்டுக் கட்டினார்களாம். ஆர்கன் மேல் எலி உட்கார்ந்திருக்கும் படம் வேறு. ஓய்வுநாள் பள்ளியில் நானும் இதைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். ஆனால் மெட்டமைத்த ஃபிரான்ஸ் சேவர் குரூபரே 1854-இல் எழுதிவைத்த குறிப்பில் எலியும் இல்லை, பழுதான ஆர்கனும் இல்லை. 1818 டிசம்பர் 24 அன்று ஆஸ்திரியாவில் உள்ள ஓபர்ன்டார்ஃப் ஊரின் உதவிப் பங்குத்தந்தை ஜோசப் மோர் ஒரு கவிதையைக் கொடுத்து, இரண்டு குரலுக்கும் கிதாருக்கும் ஏற்றபடி மெட்டுக் கேட்டார் என்றுதான் இருக்கிறது. அன்றிரவே பாடிவிட்டார்கள். மோர் டெனர் என்ற ஆண் மேல்குரல், கையில் கிதார், குரூபர் பேஸ் என்ற கீழ்க்குரல். சபைப் பாடகர் குழுவில் நாற்பது வருடமாக பேஸ் பாடுகிறவன் நான். அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் மனசு நெகிழ்ந்துவிடும்.

கவிதையும் அன்றைக்கு அவசரத்தில் எழுதியதல்ல. 1995-இல் வெளிவந்த மோரின் கையெழுத்துப் பிரதியில் 1816 என்று போட்டிருக்கிறது. அப்போது அவர் மரியாப்ஃபார் என்ற மலையூரில் இருந்தார். நெப்போலியன் போர்கள் ஓய்ந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அந்த வருடம் ஐரோப்பாவில் கோடையே வரவில்லை. பயிர் பொய்த்துப் பஞ்சம். எழுதியவரோ, சால்ஸ்பர்க்கில் பின்னல் வேலை செய்து பிழைத்த ஒரு தாய்க்கு மணமாகாமல் பிறந்த பிள்ளை. பாட்டில் மொத்தம் ஆறு சரணம். மூன்றுதான் பரவலாகப் பாடப்படுகிறது. விடுபட்ட நான்காவதில், இயேசு உலக மக்களையெல்லாம் சகோதரனாக அணைத்துக்கொள்கிறார். இதைச் சொல்லாமல் எலியைச் சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

குரூபர் எதற்காக அந்தக் குறிப்பை எழுதினார் தெரியுமா? ஆர்கன் செய்யும் கார்ல் மவுராக்கர் பாட்டைச் சில்லர்டால் பள்ளத்தாக்குக்குக் கொண்டுபோனார். அங்கிருந்த பாடகர் குடும்பங்கள் ஊர் ஊராகப் பாடினார்கள். பாட்டு போன இடத்துக்கெல்லாம் பெயர்கள் போகவில்லை. மைக்கேல் ஹைடன் என்ற புகழ்பெற்ற இசையமைப்பாளர் இயற்றியது என்று நினைத்து பெர்லின் அரசவை இசைக்குழு மூலப்பிரதி கேட்டு விசாரித்தது. அதற்கான பதில்தான் அது. மோர் 1848-லேயே இறந்துவிட்டார், பாவம்.

அவருடைய கிதார் இன்றும் ஹாலைன் ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அடுத்த டிசம்பரில் எலிக்குப் பதில் அதன் படத்தைப் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
தஞ்சாவூர்.