சொல்லாமல் நழுவாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழலையர் பள்ளியின் முதல் நாளில் வாசலில் அழுதபடி நிற்கும் குழந்தைகளின் படம் பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனால் அழாமல் உள்ளே போன குழந்தையும் சில சமயம் ஏமாற்றப்பட்ட குழந்தைதான். பொம்மையைக் காட்டி முகத்தைத் திருப்பிவிட்டு அம்மா சத்தமில்லாமல் நழுவிவிடுவார். ஐந்து நிமிடம் கழித்துக் குழந்தை திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை. அதன் பிறகு அது விளையாடாது, வாசலைத்தான் காவல் காக்கும். வீட்டில் அம்மா குளிக்கப் போனால்கூடக் கதவைத் தட்டும். அசந்தால் ஆள் மறைந்துவிடும் என்பதைத்தான் அது முதல் பாடமாகக் கற்றிருக்கிறது.

சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும், ஒரு நிமிடத்துக்குள். ஒரு முத்தம், ஒரு வாக்கியம், ஒரு கையசைப்பு போதும். "12 மணிக்கு வருவேன்" என்பது இரண்டரை வயதுக்குப் புரியாது. "சாப்பிட்டு முடிச்சதும் வருவேன்" என்பது புரியும். "அம்மா போகட்டுமா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். "வேண்டாம்" என்றுதான் பதில் வரும். அதற்குப் பிறகும் போனால் கேட்டதே பொய்யாகிவிடும். போன பின் ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பதும் வேண்டாம். பெரும்பாலான குழந்தைகள் சில நிமிடங்களில் அடங்கிவிடும். அந்த ஒரு எட்டிப்பார்வை அடங்கியதைக் கிளப்பிவிடும். அழைத்துப்போக முதல் வாரம் சற்று முன்னதாகவே வந்து நில்லுங்கள். மற்றவர்கள் ஒவ்வொருவராகப் போவதைப் பார்த்துக் கடைசியில் தனியாக உட்கார்ந்திருக்கும் குழந்தை மறுநாள் கிளம்ப மறுக்கும்.

ஆசிரியைகளான எங்கள் தரப்பிலும் தவறு உண்டு. இடுப்பில் இருக்கும் குழந்தையைப் பிடுங்கி வாங்குவது அதில் முதலாவது. நடக்க வைத்தே அழைத்து வரச் சொல்லி, ஆசிரியை தரையில் உட்கார்ந்து, அதன் கண்மட்டத்தில் பேச வேண்டும். பையைக் கொக்கியில் மாட்டுவது போல ஏதாவது ஒரு சின்ன வேலை கொடுத்தால் குழந்தையின் கவனம் கைக்கு வந்துவிடும். புதுக் குழந்தைகள் அத்தனை பேரையும் ஒரே காலையில் வரச் சொல்வது அடுத்த தவறு. ஒன்று அழுதால் அறையே அழும். மூன்று நான்கு பேராகப் பிரித்து வரச் சொன்னால் என்ன?

ஜெர்மனியில் 1980களில் உருவான 'பெர்லின் முறை' இதில் நல்ல வழிகாட்டி. முதல் மூன்று நாள் அம்மாவோ அப்பாவோ ஒன்றிரண்டு மணி நேரம் அறையிலேயே ஓர் ஓரமாக உட்கார்ந்திருப்பார், பிரிவு கிடையாது. நான்காம் நாள்தான் சொல்லிவிட்டு வெளியே போவார், அதுவும் அதிகபட்சம் 30 நிமிடம். ஆசிரியையால் தேற்ற முடியவில்லை என்றால் இரண்டு மூன்று நிமிடங்களிலேயே திரும்பிவிடுவார். அந்த நான்காம் நாள் திங்கட்கிழமையாக அமைந்தால் செவ்வாய்க்குத் தள்ளிவைப்பார்கள். விடுமுறை முடிந்து வரும் குழந்தைக்கு இடமே மறுபடி புதிதாகத் தெரியும் அல்லவா!

பை விஷயம் சுருக்கமாக. மாற்றுடை இரண்டு செட், எல்லாவற்றிலும் பெயர். குழந்தையே இறக்கிக்கொள்ளும் எலாஸ்டிக் கால்சட்டை. பெல்ட்டும் இறுக்கமான பொத்தானும் சேர்ந்தால் கழிப்பறைக்குள் போவதற்குள் நனைந்துவிடும். வெல்க்ரோ செருப்பு. கழுத்தில் கயிறு, சங்கிலி எதுவும் வேண்டாம், சறுக்குமரத்தில் மாட்டிக்கொள்ளும். டிபன் பாக்ஸ் மூடியைத் திறக்க ஒரு வாரம் முன்பே வீட்டில் பழக்குங்கள். பசித்தும் சாப்பிடாமல் டப்பா அப்படியே திரும்பி வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது மூடியைத்தான். சிறுநீருக்கு வீட்டில் உச்சாவா, மூச்சாவா, வேறு ஏதாவது செல்லப் பெயரா என்பதை ஆசிரியைக்கும் ஆயாவுக்கும் அவசியம் சொல்லிவிடுங்கள். குழந்தை சொல்லியும் புரியாமல் போவதால்தான் பல முதல் நாள் விபத்துகள். வீட்டு வாசனை உள்ள பழைய துண்டோ பொம்மையோ கையில் இருக்கட்டும், பிடுங்காதீர்கள்.

முதல் வாரம் சிரித்துக்கொண்டே போன குழந்தை இரண்டாம் வாரம் அழ ஆரம்பிக்கலாம். இது தினமும் தொடரப்போகிறது என்பது அப்போதுதான் புரிகிறது. பகலெல்லாம் அடக்கிக்கொண்டு மாலையில் வீட்டில் காரணமே இல்லாமல் கத்தலாம். அப்போது "இன்னைக்கு என்ன படிச்ச?" என்று துருவாமல், ஏதாவது கொடுத்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள். 3 வயதுக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் தேவை. பகல் தூக்கம் குறைந்தால் இரவு சீக்கிரம் படுக்க வைக்க வேண்டும். அடிக்கடி சளியும் பிடிக்கும். காய்ச்சல் வந்தால், மருந்து கொடுக்காமலே அது விட்டு 24 மணி நேரம் ஆன பிறகே அனுப்புங்கள்.

சில வாரங்கள் கழித்தும் நாள் முழுக்க அழுகை, உணவு மறுப்பு, பழகிய கழிப்பறைப் பழக்கம் மாறுவது என்றிருந்தால், "போகப் போகச் சரியாகும்" என்று விட்டுவிடாமல் ஆசிரியையும் பெற்றோரும் உட்கார்ந்து பேச வேண்டும். தேவைப்பட்டால் ஒரு மணி நேரத்துக்குக் குறைத்து முதலிலிருந்து தொடங்கலாம்.

இப்படிக்கு,
மழலையர் பள்ளி ஆசிரியைகள் சிலர்