டெல்டா பள்ளிகளின் கைப்பந்து மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புத் தம்பி, தங்கைகளே,

தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பள்ளிகளில் கைப்பந்து ஆடும் உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். குறுவட்டப் போட்டிகளையும், சம்பா அறுவடைக்கு அப்புறம் ஊர்களில் நடக்கும் மின்னொளி ஆட்டங்களையும் விடாமல் பார்க்கிறவன் நான். உங்களில் பலருக்கு நல்ல உயரம் இருக்கிறது, குதிக்கவும் தெரிகிறது. ஆனால் எதிரணியில் ஒருவர் நன்றாக சர்வீஸ் போட ஆரம்பித்துவிட்டால் ஆட்டம் கையை விட்டுப் போய்விடுகிறது.

காரணம் பயிற்சியில்தான் இருக்கிறது. வலை கட்டியதும் எல்லாரும் ஸ்மாஷ் அடிக்க வரிசையில் நிற்கிறீர்கள். ஒரு முறை அடித்துவிட்டு, வரிசையின் கடைசிக்குப் போய்க் காத்திருப்பதிலேயே மாலை கழிந்துவிடுகிறது. சர்வீஸை எடுக்க, அதாவது ரிசீவ் செய்யப் பழகுகிறவர் யாருமில்லை. இப்போதைய விதிப்படி யார் சர்வீஸ் போட்டாலும் ராலியை, அதாவது ஒரு சர்வீஸிலிருந்து பந்து விழும் வரையிலான ஆட்டத்தை, வெல்பவருக்குப் புள்ளி. பொதுவாக 25 புள்ளியில் செட் முடியும். தொடர்ந்து நாலைந்து ரிசீவ் கெட்டால், எவ்வளவு நன்றாக அடிக்கிற ஆள் இருந்தும் பயனில்லை, அவருக்குப் பந்தே போகாது. தற்காப்புக்கென்றே லிபரோ என்ற இடம் 1998-ல் சர்வதேச ஆட்டத்துக்கு வந்தது. உயரம் போதாது என்று ஓரமாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, அந்த இடத்தைக் கேட்டு வாங்குங்கள்.

பல பள்ளிகளில் கபடி, தடகளம், கைப்பந்து எல்லாவற்றையும் ஒரே பி.டி. சார்தான் பார்க்கிறார். அவர் வரட்டும் என்று உட்கார்ந்திருக்க வேண்டாம். அனுமதி கேட்டு, ஜன்னல் இல்லாத ஒரு சுவரில் 2.43 மீட்டர் உயரத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். அது ஆண்கள் வலையின் உயரம். பெண்களுக்கு 2.24. கோட்டுக்கு மேலே பந்தை அடித்து, திரும்பி வருவதை முன்கையில் வாங்கி மறுபடி மேலே அனுப்புங்கள். கையை வீசாதீர்கள். முழங்கால் மடங்கட்டும், பந்து வரும் இடத்துக்குக் கால் முதலில் போகட்டும். ஐப்பசி, கார்த்திகையில் மைதானம் சேறாகிக் கிடக்கும்போது இந்தச் சுவர்தான் உங்களுக்குக் கோர்ட்.

அப்புறம், குரல். இரண்டு பேருக்கு நடுவில் பந்து விழுவது பெரும்பாலும் இருவரும் வாய் திறக்காததால்தான். "எனக்கு" என்று சத்தமாகச் சொல்லுங்கள். யாராவது ஏதாவது நினைப்பார்களோ என்று தங்கைகள் தயங்குவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. தயங்கவே வேண்டாம், கத்துங்கள்.

ஆட்டத்தை செல்போனில் எடுப்பது நல்ல பழக்கம். ஸ்மாஷை மட்டும் எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பதோடு நிறுத்தாமல், எல்லைக்கோட்டுக்குப் பின்னால் போனை வைத்து முழு செட்டையும் எடுங்கள். சர்வீஸ் வரும்போது உங்கள் கால் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பார்த்துவிட்டு சாரிடம் போனால், "நான் நல்லா ஆடுறேனா சார்?" என்று கேட்க மாட்டீர்கள். "பந்து ஏன் சார் எனக்கு இடது பக்கமே போகுது?" என்று கேட்பீர்கள். அதற்கு அவரால் பதில் சொல்ல முடியும்.

அறுவடை முடிந்த வயலில் ஆடுகிறவர்கள், வெடிப்பை மண் போட்டு மூடிச் சமன் செய்த பிறகு குதியுங்கள். கணுக்கால் பிசகினால் அந்த சீசனே போய்விடும்.

கேப்டனாக இருப்பவர்கள் நாளைக்கே சாரிடம் பேசுங்கள். ஸ்மாஷ் வரிசைக்கு முன்னால், தினமும் இருபது நிமிடம் ரிசீவுக்கு மட்டும் கேளுங்கள்.

அன்புடன்,
ஒரு பழைய செட்டர்