காங்கோவின் காஷ்லிரா கிராமத்துப் பெண்கள் இனி யாரிடம் பேசுவார்கள்?

பெறுநர்:
ஐ.நா. அமைதிப் பணிக்குப் படைகளை அனுப்பும் அதிகாரிகள்,
இந்திய ராணுவத் தலைமையகம், புது தில்லி.

மதிப்புக்குரியவர்களுக்கு வணக்கம்.

பரங்கிமலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவள் நான். 1992 முதல் பெண்களும் இங்குள்ள அதிகாரிகள் பயிற்சிக் கழகத்துக்கு வருகிறார்கள். அங்கே பயின்று 2011இல் ராணுவத்தில் சேர்ந்த மேஜர் சுமன் கவானிதான், ஐ.நா.வின் ராணுவப் பாலினச் சமத்துவ விருதைப் பெற்ற முதல் இந்தியர். தெற்கு சூடானில் 230க்கும் மேற்பட்ட ராணுவப் பார்வையாளர்களுக்கு, போர்க்களத்தில் பெண்கள் மீது நடக்கும் பாலியல் வன்முறையை எப்படிக் கண்டறிவது, எப்படிக் கையாள்வது என்று கற்றுக்கொடுத்தவர் அவர். அடுத்து மேஜர் ராதிகா சென். 2024 மே 30 அன்று ஐ.நா. பொதுச்செயலர் குட்டெரெஸ் கையால் அவர் அதே விருதைப் பெற்றபோது என் வீட்டுப் பெண்ணுக்கே கிடைத்ததுபோல் இருந்தது. அந்த மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை. ஆனால் கேட்க வேண்டிய சில கேள்விகளும் இருக்கின்றன.

ராதிகா சென் 2023 மார்ச் முதல் 2024 ஏப்ரல் வரை காங்கோ ஜனநாயகக் குடியரசின் வட கிவு மாகாணத்தில் இருந்தார். ஆண்களும் பெண்களும் சேர்ந்த ரோந்துக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். அங்கே பெண்கள் விறகுக்கும் வயலுக்கும் போகும் வழியில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். எந்தப் பாதை ஆபத்தானது, எந்த நேரத்தில் ஆயுதக்காரர்கள் நடமாடுகிறார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். ரோந்துக்கு வரும் ஆண்கள் ஊர்த் தலைவரிடம் பேசிவிட்டுத் திரும்பினால் அந்தத் தகவல் அடுப்படியோடு நின்றுபோகும். ராதிகா அந்தப் பெண்கள் அச்சமின்றிக் கூடிப் பேச இடம் அமைத்துக் கொடுத்தார். ர்விண்டிக்கு அருகிலுள்ள காஷ்லிரா கிராமத்தில், பெண்கள் தாங்களே ஒன்றுதிரண்டு ஊர்ப் பாதுகாப்புப் பேச்சில் குரல் கொடுக்கத் தூண்டினார். ஊர்ப் பெரியவர்களும் இளைஞர்களும் பெண்களும் தங்கள் அச்சங்களைச் சொல்வதற்கான எச்சரிக்கை வலைப்பின்னல்கள் உருவாகவும் உதவினார்.

இந்த வேலைக்கு முதலீடு நம்பிக்கை ஒன்றுதான். முகம் தெரியாதவரிடம் எந்தப் பெண்ணும் தனக்கு நடந்ததைச் சொல்லமாட்டாள். பல மாதம் வந்து போய், பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த பிறகுதான் வாய் திறப்பாள். அப்படிச் சேர்த்த நம்பிக்கை, பணிக்காலம் முடிந்து அதிகாரி விமானம் ஏறும் நாளில் என்ன ஆகிறது? புதிய குழு பழைய குழுவோடு சில வாரங்களாவது சேர்ந்தே அந்த ஊர்களுக்குள் நடக்க வேண்டும். வாகனத்தையும் ஆயுதத்தையும் கணக்குப் பார்த்துக் கைமாற்றும் நீங்கள், இந்த உறவுகளையும் அதே கவனத்தோடு கைமாற்ற வேண்டும். வட கிவுவின் தலைநகரான கோமா 2025 ஜனவரியில் எம்23 கிளர்ச்சியாளர்கள் கைக்குப் போன பிறகு இது இன்னும் அவசரம்.

மொழிபெயர்ப்பாளர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். விசாரிக்க வந்தவர் பெண் அதிகாரியாகவே இருந்தாலும், நடுவில் நின்று சுவாஹிலியை மாற்றிச் சொல்பவர் பக்கத்து ஊர் ஆண் என்றால் அந்தப் பெண் பாதியை விழுங்கிவிடுவாள். ஒவ்வொரு குழுவுக்கும் பெண் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று ஐ.நா.விடம் இந்தியா உரிமையோடு கேட்கலாம். படை அனுப்பும் நாடுகளில் முன்வரிசையில் நிற்கும் நாடு நாம்.

இன்னொரு கசப்பான விஷயம். காங்கோவில் 2004இல் வெளிவந்த பாலியல் புகார்கள் நீலத் தொப்பி அணிந்த ஐ.நா. அமைதிப்படையினர் மீதே வந்தவை. காக்க வந்தவனே கை வைத்தால் ஊர்ப் பெண் யாரிடம் போவாள்? அவள் சொல்வதைத் தயங்காமல் கேட்டு எழுதி மேலே அனுப்பும் அதிகாரிக்குப் பின்பலமாக நீங்கள் நிற்க வேண்டும். அவருடைய ஆண்டு மதிப்பீட்டில் அது குறையாகப் பதிவாகிவிடக் கூடாது.

அமைதிப் பணிக்கு வரும் படைப்பிரிவுகளில் 2028க்குள் 15 விழுக்காடு பெண்கள் என்று ஐ.நா. இலக்கு வைத்திருக்கிறது. நம் ராணுவத்தில் அதிகாரி அல்லாத பெண் வீரர்களின் முதல் அணி, ராணுவக் காவல் பிரிவில் 83 பேர், பயிற்சி முடித்து வந்ததே 2021 மே மாதத்தில்தான். கிணற்றில் நீர் ஊறினால்தானே குடத்தில் மொள்ள முடியும்? ஆள்சேர்ப்பைப் பெரிதாக்குங்கள்.

பெண்கள் போதிய எண்ணிக்கையில் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். காங்கோவுக்கும் தெற்கு சூடானுக்கும் புறப்படும் ஒவ்வொரு ஆண் வீரருக்கும், ஊர்ப் பெண்களின் நம்பிக்கையைப் பெற்று அவர்கள் சொல்வதைக் கேட்பது எப்படி என்ற பாடத்தைக் கட்டாயமாக்குங்கள். தில்லியில் உங்கள் அமைதிப் பணிப் பயிற்சி மையம் இருக்கிறது. சுமன் கவானி, ராதிகா சென் போன்றவர்கள் களத்தில் கற்றதை எழுதி வாங்கி, வீரர்களுக்குப் புரியும் மொழிகளில் கையேடாக்கி, அடுத்து கிளம்பும் படைப்பிரிவின் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பரங்கிமலைவாசி ஒருத்தி