ஒரு கரண்டி குழம்புக்கு இத்தனை காசா என்று கேட்ட சித்தப்பாவுக்கு

அன்புள்ள சித்தப்பா,

போனில் நீங்கள் கேட்ட கேள்விக்கு அப்போதே ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. பக்கத்தில் சித்தி சிரித்துக்கொண்டிருந்தார், லைனும் விட்டு விட்டு வந்தது. அதற்குள் குடும்பத்தில் இன்னும் நாலு பேர் அதே கேள்வியைக் கேட்டுவிட்டதால் பொதுவிலேயே எழுதிவிடுகிறேன். கறி கிடையாது, காய் கிடையாது, தட்டில் வெறும் குழம்பை ஊற்றிக் கொடுத்துக் காசு வாங்குகிறவன் கெட்டிக்காரன், சரி, கொடுக்கிறவன் யாருடா என்றீர்கள். கொடுத்தது நான்தான். ஜனவரியில் நீங்கள் இரண்டு பேரும் இங்கே மெக்சிகோவுக்கு வரும்போது உங்களையும் கூட்டிக்கொண்டு போகத்தான் போகிறேன்.

கடையின் பெயர் புஹோல். மெக்சிகோ சிட்டியில் பொலாங்கோ என்று பணக்காரர்கள் வாழும் பகுதி ஒன்று இருக்கிறது. தெருக்களுக்கெல்லாம் ஹோமர், நியூட்டன், டென்னிசன் என்று பெயர் வைத்திருப்பார்கள். அங்கே என்ரிக்கே ஓல்வேரா என்ற சமையல்காரர் 2000இல் ஆரம்பித்த கடை, 2017இல் டென்னிசன் தெருவுக்கு மாறியது. நாமாக எதையும் கேட்டு வாங்க முடியாது. அவர்கள் போட்டு வைத்த வரிசையில் ஒவ்வொரு தட்டாக வரும். ஒரு ஆளுக்கு 3,000 பெசோவுக்கு மேல் ஆகும், நம் பணத்தில் சுமார் 15,000 ரூபாய். குடிக்கிறதற்குத் தனி.

நீங்கள் கிண்டல் செய்த அந்தத் தட்டு கடைசிப் பக்கமாகத்தான் வரும். கறுத்த குழம்பு ஒரு பெரிய வட்டம், அதன் நடுவே செங்கல் நிறத்தில் இன்னொரு சின்ன வட்டம், அவ்வளவுதான். குழம்புக்கு மோலே என்று பெயர். வெளிவட்டம் பழையது, உள்வட்டம் புதிதாக வைத்தது. பழையதை அவர்கள் முழுவதும் காலி செய்வதே இல்லை. சூடுபடுத்தி, குறையக் குறையப் புதியதைச் சேர்த்து, மறுபடி சூடுபடுத்தி அப்படியே வளர்க்கிறார்கள். ஆயிரம் நாள் ஆனபோதே அதற்குப் பெரிய பேர் வந்துவிட்டது, அந்தக் கணக்கையெல்லாம் தாண்டி இப்போது எங்கேயோ போய்விட்டது. பரிமாறுகிறவர் இன்றைக்கு எத்தனையாவது நாள் என்று சொல்லிவிட்டுத்தான் தட்டை வைப்பார்.

நம் வீட்டில் பொங்கல் முடிந்து வாரக்கணக்கில் சுண்டச் சுண்டக் காய்ச்சுகிற பழைய குழம்புதானே இது என்பீர்கள். அதேதான். ஆனால் அந்தக் குழம்பின் ருசி தெரிந்தவர்கள் எத்தனை பேர், அதற்குக் காசு கொடுக்கத் தயாராக இருப்பவர்கள் எத்தனை பேர்? ஓல்வேரா அந்த இரண்டாவது கேள்வியைத்தான் தன் ஊர்க்காரர்களிடம் கேட்டார்.

இந்த ஊரில் வெகு காலமாக விலை உயர்ந்த சாப்பாடு என்றால் பிரெஞ்சுச் சாப்பாடுதான். 1910இல் நாட்டின் சுதந்திரப் போராட்டத்துக்கு நூற்றாண்டு விழா எடுத்தபோது, அப்போதைய அதிபர் போர்ஃபிரியோ தியாஸின் அரசாங்கம் கொடுத்த விருந்துகளின் உணவுப் பட்டியலே பிரெஞ்சு மொழியில்தான் இருந்தது. மக்காச்சோளமும் மிளகாயும் வீட்டுக்கும் தெருவுக்கும் உரியவை, விருந்து மேஜைக்கு ஆகாதவை என்று நினைத்தார்கள். அது மாறியது நம் காலத்தில்தான். மெக்சிகோவின் பாரம்பரியச் சமையலை 2010இல் யுனெஸ்கோ தன் கலாசாரப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நல்ல உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கும் மிச்செலின் கையேடு 2024இல் முதல் முறையாக இந்த நாட்டுக்கு வந்து, புஹோலுக்கு இரண்டு நட்சத்திரம் கொடுத்தது. அதே கையேடு எல் கலிஃபா தே லெயோன் என்ற டாக்கோ கடைக்கும் (டாக்கோ என்றால் சோள ரொட்டியில் கறி வைத்துத் தருவது) ஒரு நட்சத்திரம் கொடுத்தது. 1968இல் இருந்து இருக்கிற சின்னக் கடை, நின்றுகொண்டேதான் தின்ன வேண்டும். முதலில் உங்களை அந்த மாதிரி தெருக்கடைகளுக்குத்தான் கூட்டிப்போவேன். அதைத் தின்னாமல் புஹோலுக்குப் போனால் ஓல்வேரா என்ன செய்திருக்கிறார் என்றே பிடிபடாது.

மோலே பக்குவத்தைக் கேட்டால் சித்தி மலைத்துப்போவார். காய்ந்த மிளகாயிலேயே மூன்று நான்கு ரகம், ஒவ்வொன்றையும் விதை எடுத்துத் தனித்தனியாக வறுக்க வேண்டும். ஒரு வினாடி கூடுதலாகக் கருகினால் மொத்தமும் கசந்துவிடும். எள், பாதாம், நிலக்கடலை, உலர்ந்த திராட்சை, கிராம்பு, பட்டை, மிளகு எல்லாம் வறுத்து அரைத்து, குழம்பு கெட்டியாவதற்குப் பழைய ரொட்டியோ, தொர்த்தியா என்ற மெல்லிய சோள ரொட்டியோ சேர்த்து, மணிக்கணக்கில் கிண்ட வேண்டும். சில வகைகளில் கொஞ்சம் சாக்லேட்டும் உண்டு. வெளிநாட்டுக்காரர்கள் அதை மட்டும் பிடித்துக்கொண்டு சாக்லேட் சாஸ் என்கிறார்கள். சுத்தப் பொய். மிளகாய்தான் இதில் எல்லாமே.

தட்டில் கரண்டி இருக்காது. தொர்த்தியாவைக் கையால் பிய்த்துத் தொட்டுத் தின்ன வேண்டும், அவ்வளவு பெரிய கடையில் அத்தனை பேரும் கையால்தான் வழிக்கிறார்கள். தொர்த்தியாவில் ஓஹா சாந்தா என்ற இலையை அப்படியே வைத்து அழுத்திச் சுட்டிருப்பார்கள். மிளகு, வெற்றிலை இனத்துச் செடிதான் அது, ஆனால் சோம்பு வாசனை அடிக்கும். பழைய மோலேயை நாக்கில் வைத்தால் மிளகாய், எள் என்று எதையும் பிரித்துச் சொல்ல முடியாது. எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து, முதலில் லேசான கசப்பு, பிறகு புளிப்பு, விழுங்கிக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் காரம். புதியது அப்படி இல்லை, பழ வாசனையோடு பளிச்சென்று இருக்கும். எல்லாரும் பழையதைத்தான் கொண்டாடுகிறார்கள். எனக்கு நடுவில் இருக்கிற புதியதுதான் பிடித்தது. நீங்கள் எந்தப் பக்கம் என்று பார்க்க ஆசையாக இருக்கிறது.

அப்புறம் ஒரு எச்சரிக்கை, சித்தியிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம். ஆரம்பத்தில் ஒரு சுரைக்குடுக்கையைக் கொண்டுவந்து வைப்பார்கள். மூடியைத் திறந்தால் புகை, உள்ளே விரல் நீளத்துக்குப் பிஞ்சுச் சோளம், மேலே பழுப்பாக மயோனைஸ். அதில் சிக்காத்தானா என்ற எறும்புப் பொடியும் காபியும் கலந்திருக்கும். தெற்கே ஓஹாக்கா மாநிலத்துப் பக்கம் முதல் மழை பெய்ததும் சிறகோடு கிளம்புகிற எறும்பு அது, மக்கள் விடியுமுன் போய்ப் பிடிப்பார்கள். சின்ன வயதில் மழை விட்டதும் ஈசல் பிடித்து அரிசியோடு வறுத்துத் தின்ற கதையை எங்களுக்குச் சொன்னவர் நீங்கள், அதனால் முகம் சுளிக்க உங்களுக்கு உரிமை இல்லை.

சோளத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இங்கே சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவெல்லாம் ஊறவிட்டு, கழுவித்தான் அரைப்பார்கள். தோல் கழன்றுவிடும், மாவு உதிராமல் சேரும், சோளத்தில் அடைபட்டிருக்கிற நியாசின் சத்தும் உடம்பில் சேரும். ஐரோப்பியர்கள் சோளத்தைக் கொண்டுபோனார்கள், சுண்ணாம்புப் பக்குவத்தை விட்டுவிட்டார்கள். வட இத்தாலியில் ஏழைகள் சோளக்கூழை மட்டும் தின்று, அந்தச் சத்து இல்லாமல் பெல்லக்ரா என்ற நோய் வந்து சாகும்வரை போனது. நல்ல கடையில் நாம் கொடுக்கும் காசில் பாதி இந்த வேலைக்குத்தான் என்று நான் நினைத்துக்கொள்வேன். நாட்டுச் சோளம் வாங்கி, அன்றன்றைக்கு வேகவைத்து, அரைத்து, சுடச்சுடத் தட்டுக்குக் கொண்டுவர ஆள் பலம் வேண்டும். பாக்கெட் மாவில் சுட்டதற்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் தொர்த்தியாவை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாலே தெரிந்துவிடும்.

எல்லா விலையுயர்ந்த கடையும் அப்படி இல்லை. அலுவலகத்தில் ஒருமுறை எங்களை இதே பகுதியில் வேறொரு இடத்துக்குக் கூட்டிப்போனார்கள். மேஜைக்குப் பக்கத்திலேயே அவகாடோ மசித்துக் காட்டினார்கள், காதுக்குள் எக்காளம் ஊதினார்கள், தொர்த்தியா மட்டும் ஆறிப்போய் ரப்பராக வந்தது. பேர் சொல்லவில்லை, உங்களை அங்கே கூட்டிப்போகவும் மாட்டேன்.

சித்தி சைவம் என்பது பெரிய கவலை இல்லை. சொல்லப்போனால் சாதாரணக் கடைகளில்தான் ஜாக்கிரதை வேண்டும், பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் வதக்குவார்கள், சோற்றைக் கோழி வேகவைத்த நீரில் வடிப்பார்கள், கேட்டால் கறியே இல்லை என்று நல்ல மனசோடு சொல்வார்கள். புஹோலில் முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிட்டால் தனி வரிசை தருவார்கள். சித்திக்குப் பிடித்துப்போனால் இன்னொரு நாள் கின்டோனிலுக்கும் போகலாம். அதுவும் இரண்டு நட்சத்திரக் கடை, ஒரு கீரையின் பெயரை வைத்துக்கொண்டிருக்கிறது, நம் தண்டுக்கீரை வகைதான். முதலாளியம்மாவும் சமையல்காரரும் கணவன் மனைவி.

மதியம் இரண்டு மணிக்கு மேல்தான் போக வேண்டும், இங்கே பெரிய சாப்பாடே அப்போதுதான். பன்னிரண்டுக்குப் பசிக்கிறது என்று ஆரம்பிக்காதீர்கள், காலையில் வயிறு நிறைய ஏதாவது தந்துவிடுகிறேன். சாப்பிட்டு முடித்து எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாலும் பில் தானாக வராது, நாம் கேட்டால்தான் வரும், கேட்காமல் வைப்பது மரியாதைக் குறைவு. டிப்ஸ் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் வைக்க வேண்டும். அதைப் பார்த்துவிட்டு நீங்கள் என்னை முறைக்கக் கூடாது.

மாதக்கணக்கில் முன்னாலேயே இடம் பிடித்தால்தான் உண்டு. டிக்கெட் போட்டதும் தேதியை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். சித்தி முட்டை சாப்பிடுவாரா, நெய் பால் மட்டும்தானா என்பதையும் கேட்டு எழுதுங்கள், முன்பதிவில் அதைக் குறிப்பிட வேண்டும்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்